அட்டையில் இல்லாத வசனம்

பல்செட்காரர் சினிமா பார்க்க உட்கார்ந்தால் முதலில் பார்ப்பது பல்லைத்தான். இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறவர் வேறு எதைப் பார்ப்பார்? அவருடைய பட்டறை மேசையில் ஊரார் வாயெல்லாம் பிளாஸ்டர் அச்சாக வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும். படத்தில் கதாநாயகி எழுபது வயதுக் கிழவியாக வேஷம் கட்டி வந்து நிற்பாள். தியேட்டரே மூக்கைச் சிந்தும். இவர் மட்டும், "தலையை நரைக்க வெச்சாங்க, சரி. பல்லு இன்னும் காலேஜ் படிக்குதே!" என்பார்.

இவருக்கு வாய்த்த கூட்டாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பக்கத்து மருந்துக்கடையை நடத்தும் அக்கா, படத்தில் யாராவது விஷம் குடித்து உடனே சாய்ந்தால் போதும், பொங்கிவிடுவாள். "அதைக் குடிச்சா ரெண்டு நாள் வாந்தி எடுப்பான். வசனம் பேசிட்டு சாக மாட்டான்." நகரப் பேருந்து ஓட்டும் ஓட்டுநருக்கோ துரத்தல் காட்சிகள் ஆகாது. "அந்த வேகத்துல அந்த வளைவுல திருப்பினா, வண்டி குப்புறப் படுத்துக்கும். டைரக்டர் ஒரு நாள் என் பின்னாடி உட்கார்ந்து வரட்டும்" என்பார். ஆனாலும் மூவரும் சினிமா என்றால் உயிரை விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெள்ளைச் சுவரில் படம் ஓட்டுவார்கள். ஒரு வாரம் புதுசு, ஒரு வாரம் பழசு. படம் ஒன்றரை மணி நேரம் என்றால் சண்டை இரண்டு மணி நேரம்.

நாலு மாதமாக இந்தச் சபையில் நாலாவதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பல்செட்காரரின் தம்பி மனைவி. தம்பிக்கு ஞாயிறு காலை ஷிப்ட். மதியம் வந்து அழைத்துப் போவான். அதுவரை தனியாக வீட்டில் எதற்கு என்று அண்ணன்காரரே வரச் சொல்லியிருந்தார். அவளுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை; குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும். துணி தைக்கும் கம்பெனியில் வெட்டுப் பிரிவில் வேலை. அங்கே இயந்திரச் சத்தத்தில் காது கேட்கிறவர்களே ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் இவள்தான் கெட்டிக்காரி.

பட்டறையில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் வாயைப் பார்ப்பது? கொஞ்ச நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள். பல்செட்காரர் அவ்வப்போது அவள் பக்கம் குனிந்து, "படம்... நல்லா... இருக்கா... ம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

அந்த ஞாயிறு பழசின் முறை. பல்செட்காரர் புது மாப்பிள்ளை மாதிரி பரபரப்பாக இருந்தார். பழைய படச்சுருள்களைச் சேர்த்துவைக்கும் காப்பகம் ஒன்று, கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படம் ஒன்றைச் சுத்தம் செய்து வெளியிட்டிருந்தது. நம் மொழிக்காரர்கள் நடித்த படம். பாதிச் சுருள் எப்போதோ எரிந்துபோய், மிஞ்சியது நாற்பது நிமிடம். இவர் அதைத் தனியாகப் பதினோரு தடவை பார்த்துவிட்டார்.

"ஊமைப்படமா?" ஓட்டுநருக்கு முகம் சுருங்கிவிட்டது. "போன வாரம் பார்த்தோமே, லிஃப்டுக்குள்ள மூணு பேர் மாட்டிக்கிற படம். அது நடிப்பு. மூச்சு விடுறதுகூட நடிப்பு. இவங்க என்ன, கண்ணை உருட்டுவாங்க, மாரைப் பிடிச்சுக்குவாங்க. நிஜ மனுஷன் அப்படியா அழுவான்?"

"வாயை மூடிட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

படம் ஓடியது. புள்ளியும் கீறலுமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு துறைமுகம். கணவன் கப்பலேறப் போகிறான். மனைவி அவன் மார்பில் சாய்ந்து நிமிர்ந்து எதையோ சொல்கிறாள். உடனே கருப்பு அட்டையில் வெள்ளை எழுத்து: 'நாதா, என்னை மறந்துவிடாதீர்கள்.' அவன் துக்கம் தாங்காமல் ஓரடி பின்வாங்குகிறான்.

"இந்த ஒரு அடி இருக்கே!" பல்செட்காரர் படத்தை நிறுத்திவிட்டார். "பிரிவு மொத்தத்தையும் ஒரே அடியில காட்டிட்டான் பாருங்க. இப்ப எவனுக்கு வரும் இது?"

அப்போது தம்பி மனைவி சிரித்தாள். லேசாக இல்லை, அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. மூவரும் திரும்பினார்கள்.

"என்னம்மா?"

"மன்னிச்சுக்கோங்க மாமா. அவங்க அப்படிச் சொல்லலை."

"எப்படிச் சொல்லலை?"

"மறந்துடாதீங்கன்னு சொல்லலை. 'என் கால் மேல நிக்கிறீங்க, காலை எடுங்க'ன்னு சொல்றாங்க."

பல்செட்காரர் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். கதாநாயகியின் உதடுகள் அசைந்தன. அவன் குனிந்து பார்த்தான். ஓரடி பின்வாங்கினான்.

மருந்துக்கடை அக்கா நாற்காலியிலிருந்து விழாத குறை. ஓட்டுநர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பிரிவு மொத்தத்தையும் ஒரே அடியில காட்டிட்டான்!"

அதற்குப் பிறகு அவளை யார் விடுவார்கள்? ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி, "இப்ப?" "இப்ப?" என்று கேட்டார்கள். அவளும் சுவரருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலை திரும்பினால் தெரியாது, மீசை பெரிதாக இருந்தால் பாதிதான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தெரிந்தவரை போதுமே! 'உன் வம்சத்தையே வேரறுப்பேன்' என்று அட்டையில் சபதம் போட்ட ஜமீன்தார் உண்மையில், "வெயில் மண்டையைப் பிளக்குது, சீக்கிரம் எடுங்கப்பா" என்றார். அவர் காலில் விழுந்து கதறிய வேலைக்காரன், "ஒட்டுமீசை தொங்குது, தொங்குது" என்று அவரை எச்சரித்துக்கொண்டிருந்தான்.

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பல்செட்காரரும்தான். ஆனால் அவருக்குள்ளே என்னவோ ஒன்று கரைந்துகொண்டிருந்தது. பதினோரு தடவை பார்த்த படம். அதில் ஒரு காட்சிக்காகத்தான் பதினோரு தடவையும் பார்த்தார். அது இப்போது வரப்போகிறது. அதையும் கேலிக்கூத்தாக்கிவிட்டால் அப்புறம் தனக்கென்று என்ன மிஞ்சும்? கை தானாகவே போய்ப் படத்தை நிறுத்தியது.

"போதும். மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம்."

"ஏன், நல்லாத்தானே போகுது!" என்றார் ஓட்டுநர்.

தம்பி மனைவி ஓட்டுநரைப் பார்க்கவில்லை. பல்செட்காரரின் முகத்தைப் பார்த்தாள். வாயை மட்டுமா அவள் படிப்பாள்? "நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா. சும்மா பார்க்கிறேன். போடுங்க" என்றாள்.

அவர் போட்டார்.

கணவன் திரும்பவில்லை. மனைவி வறுமையில் கிடக்கிறாள். ஆறு வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை அவள் மடியில் இறந்து கிடக்கிறது. கேமரா அந்தக் காலத்து வழக்கத்தை மீறி அவள் முகத்துக்கு வெகு அருகில் வருகிறது. அவள் குழந்தையின் முகத்துக்கு மேலே குனிந்து அழுகிறாள். கண்ணை உருட்டவில்லை, மாரைப் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் திரண்டு சொட்டுகிறது. உதடுகள் விடாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கின்றன. முழுதாக ஒரு நிமிடம். அப்புறம்தான் அட்டை: 'தெய்வமே, என் கண்மணியைத் திருப்பிக் கொடு.'

தம்பி மனைவி நாற்காலியின் நுனியில் இருந்தாள். ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அட்டை வந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். போட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை." மறுபடியும் போட்டார். மூன்றாம் தடவை முடிந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"என்னம்மா சொல்றாங்க?" அக்கா தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

அவள் பல்செட்காரரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். தலை என்னவோ சரி என்று ஆடிவிட்டது.

"மறுபடி ஓட விடுங்க. கூடவே சொல்றேன்."

சுவரில் அந்த முகம் மீண்டும் குனிந்தது. அவளுடைய ஏற்ற இறக்கம் இல்லாத குரல் அந்த உதடுகளோடு சேர்ந்துகொண்டது.

"பயப்படாதே கண்ணு... நான் நிஜமா அழலை... சும்மா அழறேன்... விளையாட்டுக்கு... கண்ணைத் திறக்காதே... சமர்த்து... விரலை ஆட்டாதே, விரல் ஆடுது பாரு... அப்படித்தான்... இதோ முடிஞ்சிடும்... சும்மாதான் அழறேன், பயப்படாதே..."

"விரலா?" பல்செட்காரர் எழுந்தேவிட்டார். படத்தைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டினார். பதினோரு தடவையும் அவர் பார்த்தது அந்த முகத்தை மட்டும்தான்; இப்போது படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். இறந்த குழந்தையின் சின்னக் கை அவள் மடியிலிருந்து தொங்கியது. அதில் சுண்டுவிரல் ஒன்று மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. தாயின் உதடுகள் அந்த இடத்துக்கு வந்தன. விரல் நின்றது.

யாரோ 'ஹா' என்றார்கள். யார் என்று பல்செட்காரருக்குத் தெரியவில்லை, தானாகவும் இருக்கலாம். முழங்கையிலிருந்து பிடரிவரை அவருக்கு மயிர் கூச்செறிந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி சொன்னாள், ஒரு குழந்தை கேட்டது. அன்று முதல் இன்று வரை இடையில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்! கொட்டகை கொட்டகையாக உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஒருவர் காதிலும் விழாமல் போன அந்தப் பேச்சு, இந்தப் பிளாஸ்டர் நாற்றத்துக்கு நடுவே, காதே கேட்காத ஒரு பெண் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. கேலிக்கூத்தாகிவிடும் என்று பயந்தாரே, அந்தக் காட்சி இப்போது முன்பைவிடப் பத்து மடங்கு பெரிதாகச் சுவரில் நின்றது.

"கண்ணுல தாரைதாரையா தண்ணி," என்றார் ஓட்டுநர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "வாயில பூரா தைரியம் சொல்லிட்டு இருக்கா. எப்படிங்க? அழறது பொய்யா, சொல்றது பொய்யா?"

"ரெண்டும் பொய்யில்லை" என்றாள் அக்கா. முந்தைய வாரம் அவரோடு லிஃப்ட் படத்துக்காக மல்லுக்கு நின்றவள், இப்போது அவர் தோளைத் தொட்டாள்.

"அந்தப் பொண்ணு அந்தக் குழந்தைக்குச் சொந்த அம்மாவா இருக்குமோ?" என்றார் ஓட்டுநர் திடீரென்று.

அது யாருக்கும் தெரியாது. காப்பகம் கொடுத்த குறிப்பில் குழந்தையின் பெயரே இல்லை. பல்செட்காரர் காட்சியை அட்டையையும் தாண்டி ஓடவிட்டார். அட்டைக்குப் பிறகு, வெட்டி எறிய மறந்துபோன துண்டு போல, அதே காட்சியின் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நொடிகூட இருக்காது. இத்தனை நாள் அதை ஏதோ பழுது என்று நினைத்திருந்தார். இன்று ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தினார். குழந்தை கண்ணைத் திறக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் எங்கோ பார்க்கிறது. முன்பல் இரண்டு விழுந்த வாய். அந்த வாய் திறந்து, மூடி, மறுபடி திறக்கிறது.

மூவரும் ஒரே சமயத்தில் தம்பி மனைவி பக்கம் திரும்பினார்கள்.

அவள் சுவரைத் தொடும் தூரத்துக்குப் போய்விட்டாள். தன் உதடுகளை அதே மாதிரி அசைத்துப் பார்த்தாள். திரும்பவும் அசைத்தாள்.

"அம்மா" என்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "இல்லைன்னா அப்பா. வாயில ரெண்டும் ஒண்ணுதான் மாமா. கேட்டாத்தான் வித்தியாசம்."

"அம்மாதான்" என்றார் ஓட்டுநர். "வேற என்ன சொல்லும் குழந்தை?"

"பார்வை எங்க போகுது பாருங்க. அவங்க அப்பா கேமரா பக்கத்துல நின்னுருப்பாரு. கூப்பிடுது" என்றாள் அக்கா.

"கூப்பிடுதா, தேடுதா?"

ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருந்தார். பேசுகிறவர் தம்பி மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் சொல்லப்போவதை விட்டுவிடக் கூடாதே என்ற ஆசைதான்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு, "என்ன படம் அண்ணா? எப்படி இருந்துச்சு?" என்றான்.

பல்செட்காரரிடம் பதினோரு தடவை பார்த்தபோது சேர்த்து வைத்த பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் இருந்தன. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. தன் நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தம்பி மனைவிக்கு நேராக நின்று, கத்தாமல் சாதாரணமாகக் கேட்டார்.

"முதல்ல இருந்து போடட்டுமா? சொல்றியாம்மா?"

"சொல்றேன் மாமா. விளக்கை அணைச்சிடாதீங்க. இவருக்கு நான் சொல்றப்போ நீங்க பேசுறது எனக்குத் தெரியணும்."