பன்னிரண்டாவது மீன்

விராலும் கெளுத்தியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்று கம்ப்யூட்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஜூலைக் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். பள்ளிக்கரணை சதுப்பில் பிடிபடும் பன்னிரண்டு மீன்களில் எது எதற்குச் சொந்தம் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொன்றின் சதையிலிருந்தும் ஒரே மரபணுவை எடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். மென்பொருள் வரிசைகளை ஒப்பிட்டு, கிளை கிளையாக வம்ச மரம் வரைந்து தரும். எங்கள் பழைய மிஷினுக்கு அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

அந்த மரத்தில்தான் விராலுக்கும் கெளுத்திக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. தட்டும்போதே நான் கவனித்திருக்க வேண்டும். ஆறு மாத இடைவெளியில் படித்த வரிசைகள், கோட்டை விட்டுவிட்டேன்.

என் வழிகாட்டி ஸ்ரீநிவாசராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ப்ரோக்ராம்ல ஏதோ கோளாறு, செல்வமேரி. கெளுத்தியை டிராப் பண்ணிடு. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள சப்மிட் பண்ணலைன்னா உன் ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். அஞ்சு வருஷம்மா! யார் கேக்கப் போறா?"

"நான் கேட்பேன் சார். காரணம் தெரியாம ஒண்ணைத் தூக்கினா, மிச்சம் பதினொண்ணை யார் நம்புவா?"

எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே இரட்டையர். மென்பொருள் கொடுத்ததைக் கொண்டு ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருந்தது. அப்படியென்றால் கொடுத்த மீனில்தான் கோளாறு.

நேரே பள்ளிக்கரணைக்குப் போனேன். ரோட்டோரம் மீன் விற்கும் அம்மணிதான் எனக்கு எல்லா மீனையும் தந்தவள். பெரிய மீன் என்றால் தோலுரித்து, ஒரு துண்டு நறுக்கிக் கவரில் போட்டுத் தருவாள். ஐஸில் வைத்துக் கொண்டுபோவேன். விலங்கியல் படித்த எனக்கு, உரித்த துண்டைப் பார்த்து மீனைச் சொல்லத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

"அக்கா, போன வருஷம் கெளுத்தின்னு ஒரு துண்டு குடுத்தியே, அது கெளுத்திதானா?"

அம்மணி அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இல்லமா. விராலு."

"ஏன்க்கா?"

"எப்ப வந்தாலும் ஒரே ஒரு துண்டு கேக்கற. வூட்ல கஷ்டம் போலன்னு நென்ச்சிகினேன். நீ வேற எலும்பும் தோலுமா கீற. விராலு துன்னா ஒடம்பு தேறும்னு போட்டுட்டேன். இன்னாமா, தப்பா?"

என் ஐந்து வருஷத்தில் மண்ணைப் போட்டாயே என்று கத்தத்தான் நினைத்தேன். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று அந்த ஐந்து வருஷத்தில் ஆய்வகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"வேற எதையாவது மாத்தினியா?"

"அய்ய, சத்தியமா இது ஒண்ணுதான்."

மறுநாள் உயிருள்ள கெளுத்தியை வாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் இறங்கச் சொன்னார், நான் இறங்கவில்லை. ஆய்வகத்தில் அதைப் பிடித்தபோது விராலுக்கு இல்லாத துடுப்பு முள் உள்ளங்கையில் ஏறியது. இந்தத் தடவை கெளுத்திதான் என்பதில் சந்தேகமே இல்லை.

கட்டுப் போட்ட கையோடு நான்கு வாரம். எல்லா வேலையும் முதலிலிருந்து. மிஷின் ஓடும்போது இரண்டு தடவை கரண்ட் போனது, மூன்றாவது தடவையும் ஓட்டினேன். இருபத்தொன்பதாம் தேதி மரம் முழுசாக வந்தது. கெளுத்தி விராலை விட்டு எட்டப் போய், தன் இனத்தோடு சேர்ந்திருந்தது. சார் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

மரம் அச்சான தாளை அம்மணியிடம் கொண்டுபோய்க் காட்டி, கம்ப்யூட்டர் பெட்டி வரைந்தது என்றேன்.

"இது விராலு, அது கெளுத்தியா? ரெண்டும் வேறன்னு என்னாண்ட கேட்டாலே சொல்லியிருப்பனே! இதுக்கு ஒரு பொட்டியா?"

சிரித்துக்கொண்டே ஒரு துண்டு நறுக்கிக் கவரில் போட்டாள். என்ன மீன் என்று நான் கேட்கவில்லை. அன்று ஆய்வகத்துக்கும் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தேன்.