வெயில் படுகிற இடம்

நர்ஸ் ப்ரீதா சிஸ்டர் எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஜனக்புரியில் அவர் வீட்டுப் பால்கனியில் ஒரு கூண்டு வெல்டிங் செய்து கொடுத்த கூலியும், கம்பிவலைக்கு நான் போட்ட கைக்காசும். ஆள் உயரக் கூண்டு. உள்ளே ஒரே உயிர், இகுவானா. பெரிய ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் வாலோடு என் நெஞ்சு உயரம் வரும். முதுகு நெடுக முள், கழுத்தில் தொங்குகிற தோல். பார்க்கத்தான் பயம். தின்பதெல்லாம் கீரையும் செம்பருத்திப் பூவும்.

அவர் மகன் ஆரோன் பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. அப்போது விரல் நீளம்தானாம், தளிர் வெற்றிலை மாதிரி பச்சையாம். அவன் புனேவுக்குப் படிக்கப் போய்விட்டான். இது இங்கே வளர்ந்துகொண்டே இருந்தது.

டிசம்பரில், வடநாட்டுக் குளிர் ஏறிய நேரத்தில், எங்கள் குடிசை வரிசையை இடிப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். உத்தம் நகரில் ஒரு ரூம் பார்த்தேன். மூன்றாம் தேதிக்குள் ஏழாயிரம் அட்வான்ஸ். என் கையில் எழுநூறு இருந்தது. சிஸ்டரிடம் போய் நின்றேன்.

"இப்ப இல்ல ஜம்பு அண்ணே. எல்லாம் ஆரோனுக்கு பீஸ் கட்டியாச்சு. கிறிஸ்மசுக்கு நாகர்கோவில் போயிட்டு ரெண்டாந்தேதி வந்திருவேன். பைசா முழுசும் தாரேன். அதுவர இத மட்டும் பாத்துக்கிடுங்க. இங்க ஒருத்தனும் கிட்ட வரமாட்டேங்கான்."

"கடிக்குமா சிஸ்டர்?"

"ஒங்களையா? நீங்க ரெண்டு நாள் தீப்பொறி காட்டினதுல ஒங்களக் கண்டாலே அது ஒடுங்குது."

சாவியும் ஒரு தாளும் கொடுத்தார். கீரையைப் பொடியாக நறுக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், சூட்டு பல்பை அணைக்கக் கூடாது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

ஆறு நாள் ஒழுங்காகப் போனேன். அது சிவப்பு பல்புக்கு அடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். கிளம்பும் முன் நானும் அந்த பல்பிடம் கொஞ்ச நேரம் கையைக் காட்டிவிட்டுப் போவேன். என் குடிசையில் அந்தச் சூடு கிடையாது.

முப்பதாம் தேதி புல்டோசர் வந்துவிட்டது. தட்டுமுட்டுச் சாமான்களைப் பொறுக்கி, தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒதுங்கவே அன்றைய பகலும் ராத்திரியும் போயின. மறுநாள் காலையில் போனால் வீட்டில் கரண்ட் இல்லை. பல்பு குளிர்ந்து கிடந்தது. அது கூண்டின் தரையில் சாம்பல் நிறமாக, கட்டை போல விறைத்துக் கிடந்தது. தொட்டேன். பனியில் கிடந்த இரும்பைத் தொட்டது மாதிரி இருந்தது. காதை வைத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. அந்த வாரம் பாலத்துக்கு அடியில் குளிரில் அப்படி விறைத்துச் செத்த இரண்டு பேரைப் போர்த்தி எடுத்துப் போனார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சிஸ்டருக்குப் போன் செய்ய எடுத்தேன். திரும்பப் பையில் போட்டேன். முதலில் பணம் கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை.

பழைய தலையணை உறை ஒன்றில் சுற்றி, பின்னால் இருந்த பார்க்கில் முழ ஆழம் தோண்டினேன். மரத்தடியில் வேண்டாம் என்று பட்டது. சூட்டுக்கு ஏங்கிக் கிடந்த உயிர். மத்தியானம் நன்றாக வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன்.

இரண்டாம் தேதி சிஸ்டர் வந்தார். காலிக் கூண்டைப் பார்த்தார். என்னால் மறைக்க முடியவில்லை.

"செத்துப்போச்சு சிஸ்டர். கரண்ட் இல்லாம பல்பு அணைஞ்சு கெடந்துச்சு. ஒரு நாள் நான் வரல."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வெறைச்சுக் கெடந்துச்சே."

அவர் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குளிர்ல அப்படித்தான் கெடக்கும் அண்ணே. அமெரிக்காவுல மரத்துல இருந்து பொத்துப் பொத்துன்னு விழுமாம். வெயில் ஏறினா எழும்பிப் போயிருமாம். ஆரோன் சொல்லியிருக்கான். எங்க வச்சீங்க?"

"பார்க்ல. முந்தாநேத்து."

அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

கையாலேயே மண்ணை வாரினேன். உறையின் ஒரு மூலை உள்ளிருந்து கிழிந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே நீட்டியிருந்தன. நகமெல்லாம் மண். தலை மேலே பார்த்திருந்தது. கழுத்துப் பக்கம் பச்சை திரும்பியிருந்தது.

சிஸ்டர் அதை மடியில் போட்டு வெயிலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிழல் எங்கள் மேல் வரும்வரை பார்த்தோம். அது அசையவில்லை. அதே குழியில் மறுபடி வைத்து மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பீரோவைத் திறந்தார்.

"வேணாம் சிஸ்டர். போன் பண்ணியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. பணத்துக்குப் பயந்துதான் நான் பண்ணல."

சிஸ்டர் பீரோவிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

"தாள்ல நானும் அத எழுதல்லியே. ரூமுக்கு நாளைக்குக் குடுக்கணும்லா. பிடிங்க. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

வாங்கினேன். வாங்காமல் எங்கே போய்ப் படுப்பது? எண்ண எண்ண, கையில் இருந்த மண் நோட்டுகளில் ஒட்டியது. ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது.

"சரியா இருக்கு சிஸ்டர்" என்றேன்.