குறையில்லாத விமானம்

என் மகன் ரஸ்ஸலின் கட்டைவிரல் ஒரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் பதிந்திருந்தது. நிஜ விமானம் இல்லை. பிளாஸ்டிக் பாகங்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்கிற, ஒரு முழ நீள மாடல். பக்கனீர் என்று பேர். பெயின்ட் காயும் முன்னே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான், அவசரக்குடுக்கை. விரல் அப்படியே பதிந்து காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் பெவர்லி சாலையில், மழையில், அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. இருபத்தாறு வயது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

என் கணவர் ட்ரெவரும் அவனும் மாடல் கிளப் ஆட்கள். வியாழக்கிழமைதோறும் மெதடிஸ்ட் சர்ச் ஹாலில் கூடுவார்கள். நரைத்துப்போன ஆண்கள் குட்டி டாங்கியையும் குட்டிக் கப்பலையும் நடுவில் வைத்துக்கொண்டு எந்தச் சாம்பல் நிறம் சரி என்று குழாயடிச் சண்டை போடுவார்கள். நான் கிண்டல் செய்யாத வாரமில்லை. ஆனால் அவர்களுடைய ஒரு வழக்கத்தை மட்டும் கிண்டல் செய்ததே இல்லை. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால், அவர் பாதியில் விட்ட மாடல்களை மற்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய் முடிப்பார்கள். அக்டோபர் கண்காட்சியில் அவற்றுக்குத் தனி மேஜை. முடித்தவர் பெயர் இருக்காது. இறந்தவர் பெயர் மட்டும் ஓர் அட்டையில் இருக்கும். அந்த மேஜைக்குப் பரிசும் கிடையாது, மார்க்கும் கிடையாது.

ரஸ்ஸலின் பக்கனீரை வாங்கிப்போகக் கிளப் தலைவர் லெஸ்லி ஹாட்சன் வீட்டுக்கு வந்தார். ட்ரெவர் கொடுக்கவில்லை. "என் பையன் ஆரம்பிச்சத நான்தான் முடிப்பேன்" என்று சொல்லி, அதை எங்கள் தோட்டத்து ஷெட்டில், தன்னுடைய சாப அலமாரியில் வைத்தார். கிளப்பில் எல்லோர் வீட்டிலும் ஒரு சாப அலமாரி உண்டு. அலுத்துப்போய், உடைத்துப்போய், எரிச்சலில் பாதியில் விட்டதெல்லாம் அதில் ஏறும். ஏறியது இறங்காது. பக்கனீரும் வருஷக்கணக்காக இறங்கவில்லை.

ட்ரெவர் கிளப்புக்குப் போன நேரங்களில் நான் ஷெட்டுக்குப் போவேன். விளக்குப் போட மாட்டேன். பக்கத்து வீட்டு ஜேனிஸ் பார்த்தால் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். தடவித் தடவி விமானத்தை எடுத்து, இறக்கையின் அடியில் என் கட்டைவிரலை வைப்பேன். ஒரு சின்னப் பள்ளம், அதற்குள் நெருக்கமாக வரிகள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளே வந்து டீ போடுவேன். ட்ரெவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவரும் பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சிந்துவார். எனக்கு அது எனக்கே எனக்காக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இந்த வருஷம் ட்ரெவரின் முழங்கால்கள் மாடிப்படி ஏற மறுத்துவிட்டன. தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்தோம். அங்கே ஷெட் கிடையாது. அலமாரியில் இருப்பதை முடிக்க வேண்டும், இல்லையென்றால் குப்பையில் போட வேண்டும்.

"பாலின், வர்ற அக்டோபர்ல ரஸ்ஸலோட பக்கனீர் மேஜையில நிக்கும்" என்றார்.

"இத்தன வருஷமா நிக்காதது இப்ப நின்னுருமாக்கும்?"

"நிக்கும்னா நிக்கும்."

"அவன் பேர் போட்டு?"

"அவன் பேர் மட்டும்தான்."

"அப்படின்னா அவன் செஞ்சு வச்சத நீ தொடக் கூடாது. மிச்சத்த மட்டும் முடி."

"சத்தியமா தொட மாட்டேன் கண்ணு. அவன் வேலைய நான் ஏன் கலைக்கப்போறேன்?"

உண்மையாகத்தான் சொன்னார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. ரஸ்ஸல் பிளெங்கின் என்ற பெயர் ஒரு நாளாவது நாலு பேர் பார்க்க அங்கே நிற்க வேண்டும், விமானத்தின் இறக்கைக்கடியில் அவன் விரல் இருக்க வேண்டும். அடியில் இருப்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அந்த விமானம் படுத்தின பாடு இருக்கிறதே! இறக்கையில் ஒட்டும் வட்டச் சின்னங்களைத் தண்ணீரில் போட்டார். டீயில் முக்கின பிஸ்கட் மாதிரி துண்டுதுண்டாகிவிட்டன. சக்கரக் கால் ஒன்றைக் காணவில்லை. தரையில் தவழ்ந்து தேடிவிட்டு, என் தரை உறிஞ்சும் மெஷின்தான் தின்றுவிட்டது என்று என்மேல் பாய்ந்தார். அதன் பையைப் பிரித்துக் கொட்டி ஒரு மத்தியானம் முழுக்கத் தூசியைக் கிளறினோம். கால் கிடைக்கவில்லை, இருமல்தான் கிடைத்தது. பொறுமை போய் எதற்கோ சூப்பர் க்ளூ போட்டார். அதன் ஆவி பட்டு விமானிகளுக்கு மேலே இருக்கும் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துப்போனது.

"தூக்கிக் குப்பையில கடாசப்போறேன்! சனியன்!" என்று ஷெட்டிலிருந்து கத்தினார். ஜேனிஸ் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்தாள்.

நான் டீயும் பேக்கன் ரொட்டியும் கொண்டுபோய் வைத்தேன். "ஆரம்பிச்சாச்சுல்ல? முடி. பாதியில விட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

லெஸ்லி தன் சாப அலமாரியிலிருந்து இன்னொரு பக்கனீரைக் கொடுத்தார். அதிலிருந்து காலும் கண்ணாடியும் வந்தன. பிறகு பெயின்ட் தகராறு. ரஸ்ஸல் அடித்த டப்பா உள்ளே கல்லாக உறைந்திருந்தது. அதே பேரில் கடையில் கிடைத்த சாம்பல் ஒரு சாயல் வெளுப்பு. புதிதாக ஒட்டிய இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ட்ரெவர் அதை ஜன்னலோரம் வைத்து நாள்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் பிரிட்லிங்டனில் இருக்கும் என் தங்கை கிளெண்டாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். அவளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். அங்கே ட்ரெவரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குஷி. "வழி கண்டுபிடிச்சுட்டேன் கண்ணு. இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன், வந்து பாரு."

வந்து பார்த்தேன். சாப்பாட்டு மேஜைமேல், சுத்தமான துண்டு விரித்து, அதன்மேல் நிறுத்தியிருந்தார். அழகாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மூக்கிலிருந்து வால்வரை ஒரே நிறம், ஒரே வழுவழுப்பு.

"முழுசா புதுசா அடிச்சுட்டியா?" என்றேன்.

"வேற வழி? ரெண்டு சாம்பல் ஒட்டாது. பழசத் தேய்ச்சுட்டுத்தான் மேல அடிக்கணும். உள்ள ஒரு விமானிக்கு ஹெல்மெட் கோணலா இருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். நம்ம பையன் மேஜையில எவனும் ஒரு குத்தம் சொல்லிரக் கூடாது பாரு."

நான் விமானத்தைத் திருப்பினேன். இறக்கையின் அடியில் கட்டைவிரலை வைத்தேன். கண்ணாடிமேல் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"அங்க ஒரு அசிங்கமான கறை இருந்துச்சு. ஈரப் பெயின்ட்ல விரல வச்சிருக்கான். எத்தன தடவ சொல்லியிருப்பேன், காயட்டும்டா, காயட்டும்டான்னு! நனைச்சு நனைச்சுத் தேய்ச்சேன். இப்ப இருந்த இடமே தெரியல, பாத்தியா?"

"ட்ரெவர், அது அவன் கை."

"தெரியும், அவன் கைதான், அதான் சொல்றேனே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. வருஷக்கணக்காக அவர் முன்னால் அழுததில்லை. வாரா வாரம் ஷெட்டுக்குப் போனது, தொட்டது, எல்லாவற்றையும் கத்தினேன். நீ கண்ணிருந்தும் குருடன், உனக்குப் பிள்ளையைவிட வழுவழுப்புதான் பெரிது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைத் தொட்டியிடம் போய் அதன் வடிகால் ஓட்டையைக் குனிந்து பார்த்தார். தேய்த்த சாம்பல் தண்ணீரை அதில்தான் கொட்டியிருந்தார்.

மாடல் செய்கிறவன் கண்ணுக்கு விரல் பதிந்த பெயின்ட் பிழைதான். கண்டால் கை தானாக உப்புத்தாளைத் தேடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இரண்டு வாரம் ஒரே வீட்டில் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதற்குமேல் பேச்சில்லை.

கண்காட்சிக்குப் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை, பெயராவது நிற்கட்டும் என்றிருந்தது எனக்கு. லெஸ்லியே தன் கையால் அட்டை எழுதி வைத்திருந்தார்: ரஸ்ஸல் பிளெங்கின். அதன் பின்னால் பக்கனீர் நின்றது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். மாடலைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

லெஸ்லி வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடியிலிருந்து மேல்வரை பார்த்தார். "யோவ் ட்ரெவர், ரஸ்ஸல் பெயின்ட் அடிச்சா ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்குமேய்யா. எவ்வளவு ஓட்டியிருப்போம் அவன! இது என்னடான்னா முட்ட மாதிரி இருக்கு. அவன் செஞ்சதுன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்று சிரித்தார். பாசத்தில்தான் சொன்னார், பாவம்.

ட்ரெவர் கையை நீட்டி அட்டையை எடுத்தார். "நம்ப வேணாம். இது அவன் செஞ்சதில்ல. நான் செஞ்சது."

"அடச்சே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்பா! வை அதை."

"இல்ல லெஸ்லி. இது இந்த மேஜைக்கு ஆகாது. அவன் கைபட்டது ஒண்ணையும் நான் மிச்சம் வைக்கல."

"பாலின், நீயாவது இவருக்குச் சொல்லும்மா."

வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பிள்ளை பெயர் சாயங்காலம்வரை அங்கே நிற்கும். இனி வேறு விமானம் இல்லை, வேறு அக்டோபர் இல்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன். ட்ரெவர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்க ட்ரெவர். போலாம்" என்றேன்.

காரில் விமானம் என் மடியில் இருந்தது. ட்ரெவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"எப்படி இருந்துச்சு பாலின்?"

"எது?"

"அந்த விரல். நான் சரியாவே பாக்கல. எப்படித் தேய்க்கிறதுன்னுதான் பாத்தேன். வலது கையா, இடது கையா? ரேகை சுழிச்சு இருந்துச்சா, வளைஞ்சு இருந்துச்சா? நீ சொல்லு. நீதான இத்தன வருஷமா..."

நான் யோசித்தேன். எவ்வளவோ யோசித்தேன்.

"தெரியலப்பா. இருட்டுல தொட்டதுதான். ஒரு நாள்கூட வெளிச்சத்துல எடுத்துப் பாக்கல நான்."

அவர் தலையை ஆட்டினார். முன்கண்ணாடியில் மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் ஜன்னலைத் தட்டி, இடம் காலியாகுமா, வண்டி நிறுத்த வேண்டும் என்று கேட்டார். ட்ரெவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார்.