பொரி தின்ற கெண்டை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மீன் எங்கே இருக்கிறது என்று தெரிகிறவரை தூக்கம் வராது. பீளமேட்டில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்த பதினான்கு வருடத்தில், சிங்காநல்லூர்க் குளத்தில் எந்த மாதம் எந்தக் கரையில் தூண்டில் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தொண்ணூற்று நான்கில் ஆலையை மூடிவிட்டார்கள். ஆனைமலையில் தம்பிதுரை என்ற தோப்பு முதலாளி நடத்திய தென்னை நார் மில்லில் வேலை கிடைத்தது. தோப்புக்குள்ளேயே குடியிருக்க ஓர் ஓட்டு வீடும் கொடுத்தார். என் மனைவி பொற்கொடி, "கர்த்தரு கண்ணத் தொறந்துட்டாருங்க" என்று வீட்டைப் பார்த்தாள். நான் தோப்புக்குப் பின்னால் ஓடிய ஆழியாற்றைப் பார்த்தேன்.

குளத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு ஆறு புதுசு. எங்கள் ஆலை சூப்பர்வைசர் ஒருவர் வருடம் ஒருமுறை ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார். திரும்பி வந்து மீனை விடக் கதையைத்தான் அதிகம் காட்டுவார். அவர் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் மீன் வீணாக நீந்திக்கொண்டிருக்காது. இழுப்பும் அமைதியும் உரசுகிற இடத்தில், கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, தீனி வரட்டும் என்று நிற்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால் வேலை.

ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுகிறார்கள், மீன் எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள். டீக்கடை மயில்சாமி, "தடுப்பணைக்குக் கீழ போங்க, அள்ளிப்போட்டு வரலாமுங்க" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்ததில் ஒரு ரப்பர் செருப்பு மாட்டியது. மறுநாள் டீயை நீட்டிக்கொண்டே, "ஒத்தைதானுங்களா கெடச்சுது?" என்று கேட்டார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இனி எவனையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கேட்காமல் பார்க்க ஆரம்பித்தேன். மீன்கொத்தி எந்தக் கிளையில் அதிக நேரம் உட்காருகிறது, எந்தப் பாறையில் கொக்கின் எச்சம் வெள்ளையடித்திருக்கிறது, அத்திப்பழம் எங்கே தண்ணீரில் விழுகிறது என்று மில் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கரையிலேயே கிடந்தேன். ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தோப்பின் கடைசியிலேயே, ஒரு பழைய படித்துறை. ஐந்து படி, கீழே இரண்டு உடைந்தவை. அதை ஒட்டி ஆழமான மடு.

அந்த மடுவில் ஓர் அதிசயம். காலடிச் சத்தம் கேட்டால் மீன் ஓடும், அதுதான் வழக்கம். இங்கே நான் படியில் கால் வைத்ததும் மீன்கள் கரையை நோக்கி வந்தன. என் ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து உச்சி வெயிலில் போவேன். என் தூண்டிலில் ஓர் அடையாளம் இருக்கும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே, நைலான் நரம்பில் சிவப்புப் பருத்தி நூலால் ஒரு முடிச்சு. ஆலையிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டு எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும், மில்லில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். முதல் வாரமே முக்கால் கிலோ கெண்டை. பாதியை முதலாளிக்குக் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஊட்டுல மூச்சு உடாத ஜெரோமு. அவ கவுச்சிய நிறுத்தி ஆறு வருசம் ஆச்சு" என்றார். மோட்டார் ரூமில் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பொரித்து, அந்தப் பெரிய மனிதர் குந்த வைத்துத் தின்றதைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

அடுத்த வாரம் மீன் கழுவிய பொற்கொடி கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க. இது வயித்துல பொரி இருக்குதுங்க."

ஊறிப் பிசைந்த பொரிதான். எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிற நான், ஆற்று மீனின் வயிற்றுக்குள் பொரி எப்படி வந்தது என்று அன்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசித்தது வேறு. மண்புழுவை விட்டுவிட்டுப் பொரியை மாவோடு பிசைந்து முள்ளில் வைத்தால் என்ன?

மூன்றாம் வாரம் வைத்தேன். வந்தது சாதாரணக் கெண்டை இல்லை. வால் ஒருபக்கம் கிழிந்த, கை நீளத்துக்குப் பெரிய மீன். ஒரே இழுப்பில் முள்ளோடும் முடிச்சோடும் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் மாலை முதலாளியின் மனைவி தெய்வாத்தாள் மில்லுக்கு வந்தார். அவர் அங்கே கால் வைத்து நான் பார்த்ததில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"எங்க படித்துறையில ஆரோ தூண்டில் போடறாங்க. தெனமும் பொழுதோட, நீங்கெல்லாம் மில்லுல இருக்கறப்ப, நான் பொரி போட்டு வளத்துன மீனுங்க அது. ஆறு வருசம். வாலு கிழிஞ்சது ஒண்ணு என் கையில வாங்கித் திங்கும். நேத்தும் வல்லை, இன்னைக்கும் வல்லை. வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் மாசாணியாத்தா கோயல்ல மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துருவேன்."

சட்டைப் பையிலிருந்த நூல்கண்டைக் கையால் மறைத்துக்கொண்டேன். பறிகொடுத்தவர்கள் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால், எடுத்தவன் உடம்பு எரியும் என்பது இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. போகிறபோது மட்டும், "வாயத் தொறக்காத. ரெண்டு பேருக்கும் நல்லதில்ல" என்று முணுமுணுத்தார்.

வீட்டில் சொன்னதும் பொற்கொடி அரண்டுவிட்டாள். "நாம சர்ச்சுக்குப் போறவங்கன்னு அந்த மொளகாய்க்குத் தெரியுமுங்களா?" என்றாள். எனக்கு மிளகாயை விட அந்த அம்மாவின் முகத்தை நினைத்தால்தான் எரிந்தது. பொரி எப்படி வந்தது என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அந்த மீன் உயிரோடு இருந்தால் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதன் வாயில் என் சிவப்பு நூல் இருக்கும். மீனைக் காட்டினால் என்னையும் காட்டியதாகிவிடும். வேலையும் வீடும் போகலாம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் விடிந்ததும் கரையோரம் தேடினேன். அடிபட்ட மீன் எங்கே போகும்? மடுவில் மற்ற மீன்கள் முட்டும். ஆழம் வேண்டும், இழுப்பு வேண்டாம், ஆனால் நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். வியாழனன்று, வாய்க்கால் வந்து ஆற்றில் விழுகிற இடத்துக்குக் கீழே ஒரு யானைப் பாறையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கிழிந்த வால் மெல்ல அசைந்தது. உதட்டோரம் சிவப்பு நூல்.

நல்லவனாக இருக்க ஒரு குறுக்குவழி தோன்றியது. நானே பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு, சுத்தமான மீனாகக் காட்டிவிடலாமே? பொரியைத் தூவினேன். வரவில்லை. வலைக்கூடையை இறக்கினேன். கல்லுக்கு அடியில் போய்விட்டது. மில் சங்கு ஊதியும் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மீனின் வாய் சரியாக மூடாமல் திறந்தபடியே இருந்தது. இன்னும் இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டால் செத்துவிடும் என்று தெரிந்ததும் நேரே தெய்வாத்தாள் வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"அம்மாங்க, உங்க மீனு இருக்குதுங்க. சித்த வாங்க."

செருப்புகூடப் போடாமல் வந்தார். பாறையில் குனிந்து உள்ளங்கையால் தண்ணீரை மூன்று தடவை தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார். கடைசியில் அது மேலே வந்தது. ஒரு கையால் செவுளோரம் பிடித்துக்கொண்டு, மறுகையால் முள்ளைத் திருகி எடுத்தார். மீன் துடித்துத் துள்ளியது. ரத்தம் வந்தது. கையை உதறிக்கொண்டு பாய்ந்துவிட்டது.

நூலைப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றேன். "தெரியாம செஞ்சுபோட்டேனுங்க. வேற ஆரும் இல்லீங்க."

"வேற ஆரும் இல்லையா? மோட்டார் ரூமுல பொரிச்ச வாசம் ஊட்டுக்கு வராதுன்னு நெனச்சீங்களாக்கும்."

"அப்ப மொளகாங்க?" என்று கேட்டேன்.

"அரைச்சா மொதல்ல எவரு வயிறு எரியும்? கட்டுனவரு மேல மொளகா அரைக்கறவளா நானு? அப்பிடிச் சொன்னா ஒருத்தராச்சும் வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். மூணு நாளு ஆச்சு உனக்கு. அவரு இன்னும் தொறக்கல."

என்னைப் போகச் சொல்வார் என்று நின்றேன். அவர் மடியிலிருந்து பொரியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழிந்த வால் கெண்டை திரும்பி வந்தது. இரண்டு முழம் தள்ளி மிதந்த பொரியை மட்டும் தின்றது. கையருகே கிடந்ததைத் தொடவில்லை. அவர் கையைக் கொஞ்சம் நீட்டியதும் பின்வாங்கியது. கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அது வரவில்லை.

"முள்ளு போட்டது நீயி" என்றார், என்னைப் பார்க்காமல். "வலிக்க வலிக்கப் புடுங்குனது நானு. அதுக்கு என் கைதானே தெரியும் கண்ணு."

எந்தத் தண்ணீரிலும் மீன் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறவன் நான். அன்று எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.