உப்பு ஒரு கல்லு கம்மி

ஓநாய்க் காட்டில் வாள் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவன், "சூப்பர். உப்புதான் ஒரு கல்லு கம்மி. நீ சாப்ட்டியா?" என்று என்னைக் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

புனேயில் ஒரு ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனியில் எனக்கு வேலை. இரண்டாயிரத்து ஆறு. நாடு முழுக்க உள்ள பையன்களும் பெண்களும் ஒரே காட்டில் ஓநாய் கொன்று லெவல் ஏற்றுவார்கள். சில கேடிகள் மட்டும் உட்கார்ந்து விளையாடமாட்டார்கள். ஒரு புரோகிராமை ஓடவிட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள். அது ராப்பகலாக ஓநாய் கொல்லும். அந்த புரோகிராமுக்கு பாட் என்று பெயர். பாட் எது, மனுஷன் எது என்று கண்டுபிடித்து, பாட்டைத் துரத்துவதுதான் எனக்குக் கொடுத்திருந்த உத்தியோகம்.

வழி சுலபம். சந்தேகப்படுகிற ஆளின் முன்னால் போய் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் கேடிகள் லேசுப்பட்டவர்களா? ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் என்ன கேட்டாலும் பதில் சொல்ல பாட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். அதனால் நான் தமிழில் கேட்க ஆரம்பித்தேன். 'சாப்ட்டாச்சா?' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பேன். மனுஷனாக இருந்தால், 'க்யா?' என்பான், இல்லையென்றால் திட்டுவான். பாட் சம்பந்தமில்லாமல், 'ஹா பாய், பிஸி' என்று உளறி மாட்டிக்கொள்ளும். என் மேலதிகாரி அம்ருதா எல்லாரையும் கூப்பிட்டு இதைச் சொல்லிப் பாராட்டினாள். நானும் வீட்டுக்குப் போய் என் புருஷன் ஜெயந்திடம் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது சூர்யவீர் என்கிற இந்த வாள்வீரன் தமிழில் பதில் சொல்கிறான். மறுபடி கேட்டேன். "இன்னும் இல்லடா, மீட்டிங். நீ மொதல்ல சாப்பிடு." மறுபடி. "ஆச்சு ஆச்சு. ஈவ்னிங் பேசலாம், கண்ணா." மறுபடி. "சூப்பர். உப்புதான் ஒரு கல்லு கம்மி. நீ சாப்ட்டியா?" வாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்தேகமே இல்லை, பாட்தான்.

அம்ருதா பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறிவிட்டது.

"இது தமிழ்தானே பட்டு?" என்று ஹிந்தியில் கேட்டாள். "இந்த ஆஃபீஸில் தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான். யாருக்கு எழுதிக் கொடுத்தாய்? சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு வரவில்லை. பயம்தான் வந்தது. வேலை போய்விடுமே என்பதற்காக இல்லை. அந்த மூன்று பதில்களும் எனக்கு மனப்பாடம்.

ஜெயந்துக்கு ஊரின் மறுகோடியில், ஹிஞ்சேவாடியில் வேலை. எங்கள் ஹடப்சர் ஃப்ளாட்டிலிருந்து கம்பெனி வண்டியில் விடியும்போதே போய்விடுவார். நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் போவார். மத்தியானம் மெசஞ்சரில், 'சாப்ட்டாச்சா?' என்று நான் கேட்பேன். பதில் வரும். பகலில் எனக்குக் கிடைக்கிற புருஷன் அவ்வளவுதான். உப்பு கம்மி என்று வருகிற நாளெல்லாம், அடுத்த நாள் அவர் டப்பாவுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் உப்புச் சேர்த்துப் பிசைவேன். டப்பா கழுவித் துடைத்து வீடு திரும்பும். இப்படியும் ஒரு ஆம்பிளை இருப்பாரா என்று கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

மெசஞ்சரைத் திறந்தேன். 'சாப்ட்டாச்சா, எருமை?' என்று அடித்தேன்.

"இன்னும் இல்லடா, மீட்டிங். நீ மொதல்ல சாப்பிடு."

'வீடு பத்தி எரியறது. சாப்ட்டாச்சா?'

"ஆச்சு ஆச்சு. ஈவ்னிங் பேசலாம், கண்ணா."

கடவுளே! வீட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாது, ஏதோ டவுன்லோட் ஆகிறது என்று அவர் தினமும் சொல்வாரே, அது இதற்குத்தானா? மொபைலில் கூப்பிட்டேன்.

"என்ன பட்டு, இந்த நேரத்துல?"

"சூர்யவீர் யாரு?"

சிரித்தார். "பிடிச்சுட்டியா? அரே யார், டென்ஷன் எடுத்துக்காதே. அடுத்த வாரம் நான் நம்பர் ஒன் ஆயிடுவேன். அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாதே."

"நான் வீட்ல வந்து சொன்னதைக் கேட்டுண்டு பாட்டுக்குத் தமிழ்ல பதில் எழுதினேளா?"

"புதுசா எங்க எழுதினேன்? ஏற்கெனவே இருந்ததை அப்படியே போட்டேன். உனக்குன்னு எழுதினது."

"எப்போலேர்ந்து?"

"நிச்சயதார்த்தம் ஆனதுலேர்ந்து. டெய்லி ஒரே டைமுக்கு அதையேதானே கேப்பே. பதில் வரலைன்னா நீ ஃபீல் பண்ணுவேன்னுதான். உப்பு மட்டும் கல்யாணத்துக்கப்புறம் சேர்த்தேன். ரியலா இருக்கணுமில்ல?"

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்து, 'கண்ணா' என்று வந்ததைத் திரும்பத் திரும்பப் படித்த பெண் நான். அதை வைத்துத்தான் இந்த மனுஷன் நல்லவர் என்று முடிவு கட்டினேன்.

"என் வேலை போகப் போறது," என்றேன். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனைக்கறா."

"எப்படியாவது சமாளி. என் பேர் வெளில வந்தா மானம் போயிடும், பட்டு. உனக்கென்ன, வேற வேலை கிடைக்கும்."

வெட்கக்கேடு, அப்போதும் சமாளிக்கத்தான் யோசித்தேன். தாலி கட்டினவராயிற்றே. யாரோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உப்பு நெஜமாவே கம்மியா இருந்துதா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார், ரொம்ப சாதாரணமாக. "எனக்கு கேன்டீன் இருக்கே. டப்பாவைக் காலைல வண்டிலேயே டிரைவர் காசிம்கிட்ட குடுத்துடுவேன். பாவம், வெறும் வயத்தோட வருவான். கழுவித் தந்துடுவான், நல்ல மனுஷன்."

"அவர் என்ன சொல்றார்?"

"பாபி, அதான் நீ, நன்னா சமைக்கறாங்களாம். உப்புதான் வரவர வாயில வைக்க முடியலையாம்."

ஃபோனை வைத்தேன். அந்த முகம் தெரியாத காசிம் என் உப்பையெல்லாம் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, யாரிடமும் குறை சொல்லாமல் டப்பா கழுவியிருக்கிறார். இப்போது கோபம் வந்தது.

அம்ருதாவின் மேஜைக்குப் போனேன்.

"மேடம், சூர்யவீர் மாஜா நவரா ஆஹே," என்று அவள் மராத்தியிலேயே சொன்னேன். அவன் என் புருஷன்.

"காய்?" என்னது என்று கேட்டு அம்ருதா பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். நான் திரும்ப ஒரு தடவை சொன்னேன். பிறகு அவருடைய முழுப் பெயரை எழுத்துக்கூட்டி, எங்கள் ஹடப்சர் ஃப்ளாட்டின் நம்பர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.