ஒரு கரண்டி கோபம்

பாளையூரில் ஒரு பெண்ணைப் படமாக வரைய வேண்டுமென்றால், அவளிடம் ஓர் உணர்ச்சியை இரவல் வாங்கித்தான் வரைய வேண்டும். கண்காட்சி முடிந்ததும் டர்பன்டைன் நனைத்த துணியால் படத்தை ஒற்றி, அந்தத் துணியை அவள் நெற்றியில் வைத்தால் வாங்கியது திரும்பிப் போய்விடும். ஊரிலிருந்த பெண் ஓவியர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். புதுப்பெண்ணின் பயம், கைப்பிள்ளைக்காரியின் அலுப்பு, தனியாக வீடெடுத்துத் தங்கியிருக்கும் டீச்சரின் குஷி என்று வாங்கி வரைந்துவிட்டு, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நாச்சியார், தையல்கடை இந்திராணியிடம் கோபத்தை வாங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, படம் பிரமாதமாக வந்தது. பார்க்க வந்தவர்கள் தாமாகவே இரண்டடி தள்ளி நின்றார்கள். அந்தப் பெருமையில் நாச்சியாருக்குப் புத்தி மழுங்கிவிட்டது. கோபத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே படத்துக்கு வார்னிஷ் அடித்துவிட்டாள். வார்னிஷ் காய்ந்த பிறகு உள்ளே இருப்பது உள்ளேதான். எவ்வளவு ஒற்றியும் துணி வெறுந்துணியாகவே வந்தது.

கோபம் இல்லாத இந்திராணி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கொழுந்தன் தனபாலுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நேராகக் கடைக்கே வந்தான்.

"மதினி, இந்த ரூமை எனக்கு விட்டுருங்க. செல்போன் கடை போடப்போறேன். உங்க மிஷினை மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கலாம்."

"சரி தம்பி."

கல்யாண வளையலை விற்று அவளே போட்ட கடை அது. ஞாயிற்றுக்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

விஷயம் தெரிந்ததும் நாச்சியார் தையல்கடைக்கு ஓடினாள். தன் கை செய்த வேலையால் ஒருத்தியின் பிழைப்பு போவதா? "சாவியை நீ குடுக்கப்போறதில்ல. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"சரிக்கா" என்றாள் இந்திராணி.

நாச்சியார் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். உறைமோர் கேட்பதுபோல் வீடு வீடாகப் போய் ஒரு கரண்டி கோபம் கேட்டாள். ஒருத்திகூட இல்லையென்று சொல்லவில்லை. "போதுமா, இன்னும் இருக்கே" என்றவர்கள்தான் அதிகம். மெஸ் நடத்தும் ரெஜினா தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் நாச்சியார் தன்னுடையதிலும் ஒரு கரண்டி சேர்த்தாள். அவள் வரைவதைப் 'பொழுதுபோக்கு' என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார் அவள் கணவர் சிவனாண்டி. அதில் சேர்ந்த கோபத்தை இத்தனை நாளும் மூடியே வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை இந்திராணியை மிஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, பழைய படத்தை எதிரில் சாய்த்துவைத்துக்கொண்டு, கிண்ணத்துக் கோபத்தில் தூரிகையைத் தோய்த்து அவள் முகத்திலேயே வரைய ஆரம்பித்தாள். நெற்றிச் சுருக்கம், மூக்கு நுனி, உதட்டோரம். அவசரப்படவில்லை.

"முகத்தை ஆட்டாதே."

"சரிக்கா."

"அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு."

இந்திராணி கண்ணாடியைப் பார்த்தாள். "எங்க முடிஞ்சுது? எடது புருவம் ஏறவே இல்லையே. நல்லா ஏத்துங்க."

நாச்சியாருக்குக் கண் கலங்கிவிட்டது. புருவத்தை நன்றாக ஏற்றினாள்.

தனபால் வந்து கையை நீட்டினான். இந்திராணி எழுந்தாள்.

"சாவி கிடையாது. இது என் கடை. படியிறங்கு."

அவள் தனக்காகச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் கிண்ணத்தில் தெருவே அல்லவா இருந்தது! அதனால் அவள் நிறுத்தவில்லை. "நல்லாப் படிச்சவளை ஏன் பாதியில நிறுத்தினே? பிரசவத்துக்கு ஏன் எட்டிப் பாக்கல? ஆக்கிவெச்சதை ஏன் தட்டோட வீசினே? நான் வரையறது உனக்குப் பொழுதுபோக்கா?"

இதில் ஒன்றைக்கூடத் தனபால் செய்ததில்லை. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வரிசையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனான். கடைச் சாவி இந்திராணியின் இடுப்பிலேயே இருந்தது.

அவள் குரல் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்கள் கிளம்பி வந்து கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். அவள் கொட்டியதில் தங்கள் வீட்டுக் கோபம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போக வந்திருந்தார்கள். இந்திராணி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதல் ஆளை உள்ளே கூப்பிட்டு, தோளை அளந்து பார்த்தாள்.

"உங்க வீட்டுது பெருசு. உக்காருங்க."

வரிசை தபாலாபீஸைத் தாண்டிப் போயிருந்தது. கடைசியில், வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிவனாண்டி நின்றிருந்தார்.

"இன்னும் நேரமாகுமா?" என்று வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த நாச்சியாரிடம் கேட்டார்.

"ஆகும்" என்றாள் நாச்சியார்.