மருமகளுக்கு ஒரு சீட்டு

"அதை எடுக்காதே!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் மருமகளின் கை பாதி வழியிலேயே நின்றது.

சாப்பாட்டு மேஜை முழுக்கப் படம் போட்ட சீட்டுகள் பரப்பிக் கிடந்தன. மருமகள் எடுக்கப்போனது, கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த ஒரு ராணியை.

"அது புருஷன் இருக்கிறவங்களுக்கு. உனக்கு உள்ளதை அவங்க எடுத்துத் தருவாங்க."

'அவங்க' என்பது, சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் அம்மாள். யாருக்காகக் கேட்கிறோமோ அவருக்குப் பதிலாக ஒரு சீட்டைப் பொறுக்கி நடுவில் வைக்க வேண்டும், மற்றச் சீட்டுகளை அதைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று அப்போதுதான் விளக்கி முடித்திருந்தாள். நடுச்சீட்டு சரியாக அமையாவிட்டால் குறி ஆள் தெரியாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுமாம்.

கேள்வி இதுதான்: மருமகளுக்கு இன்னொரு கல்யாணம் உண்டா, இல்லையா?

அவள் கணவன் சாலை விபத்தில் போய் வருஷம் நாலாகிறது. அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. காலையில் எல்லோருக்கும் சமைத்து, மாமனாரின் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி அடுப்படி. இதற்கிடையில் அந்தக் கட்டடத்து லிப்ட் அடிக்கடி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக், வேலை முடிந்ததும் ஐந்தாம் மாடிக்கு வந்து, "லிப்ட் சரியாயிடுச்சுங்க" என்று இந்த ஒரு வீட்டில் மட்டும் தகவல் சொல்லிவிட்டுப் போவான். போன வாரம் லிப்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நேராக மாமனாரிடம் பெண் கேட்டுவிட்டான்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். மாமியார் சீட்டுக்காரம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

வந்தவளை முதலில் சமையலறைக்குத்தான் கூட்டிப்போனாள். "இல்லைன்னு வந்தாப் போதும். நாலு பேரு என்ன பேசுவாங்க? எனக்கு இடுப்பு வலி, அவருக்குச் சர்க்கரை. இந்த வயசுல நான் போய் அடுப்புல வேகணுமா, நீங்களே சொல்லுங்க."  சீட்டுக்காரம்மாள், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அவள் ஒரு சீட்டைத் தேடி எடுத்து மருமகளிடம் நீட்டினாள். "இது வாள் ராணி. துணையை இழந்தவங்களுக்கு இதைத்தான் வைக்கிறது."

சாம்பல் நிற மேகங்களுக்கு நடுவே, கையில் வாளைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள் அந்த ராணி.

"பாவம், கழுத்து சுளுக்கிக்கிச்சு போல," என்றாள் மருமகள்.

"விளையாடாதே. நடுவுல வை," என்றாள் மாமியார்.

"வைக்கிறேன் அத்தை. ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன்." மருமகள் சீட்டுக்காரம்மாள் பக்கம் திரும்பினாள். "ஆம்பளைங்களுக்கு எந்தச் சீட்டும்மா?"

"ராஜா."

"பொண்டாட்டி செத்துப்போன ஆம்பளைக்கு?"

சீட்டுக்காரம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜை மேல் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"அவருக்கும் ராஜாதாம்மா. தனியா ஒண்ணும் இல்லை."

மருமகள் சுவரைப் பார்த்தாள். அங்கே படமாகத் தொங்கியவள் மாமனாரின் முதல் மனைவி. இவள் கணவனைப் பெற்றவள். மாமியார் என்று இந்த வீட்டில் அதிகாரம் பண்ணுகிறவள், அவள் போன பிறகு இரண்டாவதாக வந்தவள்.

"மாமா, மூத்த அத்தை போனப்ப நீங்க எந்தச் சீட்டு எடுத்தீங்க?"

நாற்காலியில் விரிந்திருந்த செய்தித்தாள் மெல்ல இறங்கியது. மாமனார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்கு அவசியம் வந்ததில்லை.

"நான் சீட்டெல்லாம் பாக்கலைம்மா."

"பின்னே?"

"பொண்ணு பாத்தேன்."

சீட்டுக்காரம்மாளுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பா இருமலா என்று கண்டுபிடிக்க முடியாதபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது வேற!" என்று மாமியார் எழுந்தேவிட்டாள். "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு ஒத்தை ஆளா என்ன பண்ணுவாரு? வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா?"

"வேணும்தான் அத்தை. அதனாலதானே நீங்களே வந்தீங்க. நீங்க வந்தப்ப யாராவது மாமாவை வாளோட உக்கார வெச்சாங்களா? எனக்கு மட்டும் எதுக்கு?"

மாமியார் உதவிக்குச் சீட்டுக்காரம்மாளைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்களேன்! சீட்டு என்ன சொல்லுது?"

"இன்னும் போடவே இல்லையேம்மா. அடுப்படியில நீங்க சொன்னதைத்தான் சொல்லணும்னா, சீட்டே வேணாம். வாயாலேயே சொல்லிட்டுப் போயிடுறேன்."

மாமியாரின் முகம் சுண்டிப்போயிற்று. மருமகளுக்கு அந்த அடுப்படிப் பேச்சில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தச் சமையலறைக்குக் கதவே கிடையாது. அவள் வாள் ராணியை மற்றச் சீட்டுகளோடு தள்ளி வைத்துவிட்டு, கோப்பை ராணியை எடுத்து நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். 

"நீங்க போட்டுப் பாருங்கம்மா. நல்லதா வந்தா சந்தோஷம். இல்லைன்னு வந்தாலும் நான் அவருக்குச் சரின்னுதான் சொல்லப்போறேன். கீழே நிக்கிறாரு."

"லிப்ட்தான் நல்லா ஓடுதே!" என்றார் மாமனார், ஒன்றும் புரியாமல்.

"அதான் மாமா, சும்மா நிக்கிறாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். படிக்கட்டில் கால்சத்தம் வேகவேகமாக இறங்கியது.

சீட்டுக்காரம்மாள் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். மாமியார் அவள் எதிரே மெதுவாக உட்கார்ந்தாள். கணவனை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அவருக்குச் சர்க்கரை வேற. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, எனக்கும் அந்த வாள் சீட்டுத்தானா?"

"அப்படித்தாம்மா வழக்கம்," என்றாள் சீட்டுக்காரம்மாள். "பிடிக்கலைன்னா இப்பவே வேற ஒண்ணைப் பொறுக்கிக்கோங்க."

"டீ வருமா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

மாமியார் எழுந்திருக்கவில்லை. சீட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.